கடல் சாத்தும் மாதம்

மார்கழியில் எங்கள் கடல் கடையைச் சாத்திவிடும்.
உப்புவெளிக் கரையில் படகுகள்
தென்னைகளுக்குக் கீழே குப்புறக் கிடக்கும்.
மூன்று அறையும் காலி.
தலையணை உறைகளில் பூசணம் மணக்கும்.

அப்போதுதான் நாயகம் சொன்னார்:
"ஒருக்கா நாங்களும் போய்
ஆரும் விரிச்ச கட்டிலிலை படுத்திட்டு வருவம்."

பதினொரு வருடம் வழி சொன்ன வாய் இது.
கோணேசர் மலைக்கு ஓட்டோ எவ்வளவு,
கன்னியாவில் ஏழில் எந்தக் கிணறு கூடச் சுடும்,
புறாத்தீவில் சுறா கடிக்காது, பயப்பிடாதேங்கோ.
பஸீனாவிடம் சாவியையும் கோழிகளையும் கொடுத்துவிட்டு
இரவு பஸ்ஸில் ஏறினோம்.

கட்டுநாயக்காவில் அந்த வாசல் ஊளையிட்டது.
நாயகத்தின் சட்டைப் பையில்
படகு என்ஜினின் ஸ்பார்க் பிளக்.
அதிகாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
தட்டில் போட்டார், திருப்பித் தரவில்லை.
அதன் விலையை ஐந்து நாளும் கேட்டேன்.

கிராபியில் கடல் திறந்திருந்தது.
எங்கள் ஆனி மாதத்துக் கடலைத்தான்
யாரோ இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று பட்டது.
வாலில் என்ஜின் கட்டிய நீளப் படகு,
மூக்கில் மஞ்சளும் சிவப்பும் துணி.
நாயகம் ஐந்து நிமிடம் விருந்தாளியாக இருந்தார்.
பிறகு காதைச் சாய்த்தார்:
"இருமுது. எண்ணெய் மாத்தேல்லை."

வரவேற்பு மேசையில் நான் கேட்ட முதற் கேள்வி
நாளைக்கு மழை வருமா.
கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்தேன்.
இதைக் கேட்கும் வெள்ளைக்காரரைப் பார்த்து
எத்தனை வருடம் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்!

கடற்கரையில் ஒரு பலகை.
எழுத்து தெரியவில்லை, படம் தெரிந்தது:
அலை துரத்த, மேட்டை நோக்கி ஓடும் ஆள்.
எங்கள் ஒழுங்கை முனையிலும்
அவன் ஓடிக்கொண்டிருக்கிறான்.
அன்றைக்கு நாயகம் தண்ணீரில் இறங்கவில்லை.
நானும் ஏன் என்று கேட்கவில்லை.

விடியற்காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்தது.
கை வேலை தேடியது.
கட்டிலை விரித்தேன், மூலை மடித்தேன்.
துவாயில் ஒரு யானை செய்து வைத்திருந்தார்கள்.
எப்படி நிற்கிறதென்று பார்க்க
நிலத்தில் குந்தி
மெல்ல மெல்ல அவிழ்த்துக்கொண்டிருந்தபோது
கதவு திறந்தது.

சட்டையில் குத்திய பெயர் நொய்.
கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
ஏதோ குறை கண்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாள்,
முகம் சுண்டிவிட்டது.
நான் நெஞ்சில் கை வைத்து
விரிக்கிற மாதிரி, உதறுகிற மாதிரி, கூட்டுகிற மாதிரி
ஆடிக் காட்டினேன்.
மூன்று விரல் நீட்டினேன்: என் அறைகள்.
அவள் பத்து விரலும் விரித்து, மடக்கி,
இன்னும் நான்கு நீட்டினாள்.
பிறகு தன் இடுப்பைத் தொட்டாள்.
நான் என்னுடையதைத் தொட்டேன்.
அதற்குமேல் கதைக்கப் பாஷை தேவைப்படவில்லை.

தும்பிக்கைக்கு இரண்டு சுருள், காதுக்கு ஒரு மடிப்பு.
மூன்றாம் முறை என் யானை நின்றது,
ஒரு காது மட்டும் தொங்கியபடி.
நாயகம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது திருகோணமலையில் மழை.
நனைந்த கோழிகளோடு பஸீனா நின்றாள்.
"எப்பிடி இடம்?"
"சூடு. எங்கட மாதிரித்தான். சோறு மட்டும் ஒட்டும்."
அவளுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது.
வேறு எப்படிச் சொல்வதென்று எனக்கு வரவில்லை.

இப்போது சித்திரை.
இரண்டாம் அறையில் இருந்த சோடி
காலையில் மூதூர்ப் பக்கம் போய்விட்டது.
என் யானையைப் படம் எடுத்தார்களாம்,
நாய் என்று நினைத்து.

வழக்கம்போல் விரிப்பை உருவுகிறேன்.
தலையணைக்குக் கீழே கை போகிறது.
சில நாள் ஐந்நூறு ரூபா இருக்கும்,
சில நாள் பாதி தீர்ந்த வெயில் கிரீம்,
பல நாள் ஒன்றும் இராது.
கிராபியில் நான் வைத்துவிட்டு வந்தது
இருநூறு பாத்.
பதினான்கு அறை கூட்டுகிறவளுக்கு அது காணுமோ,
அங்கே இருநூறுக்கு என்ன வாங்கலாம்,
விசாரிக்காமல் வந்துவிட்டேன்.

நாயகம் வெளியே கூப்பிடுகிறார்,
புது பிளக் கொண்டுவரட்டாம்.
விரிப்பைக் கையில் வைத்தபடி
இன்னும் கொஞ்சம் நிற்கிறேன்.