பத்து வீதக் கழிவு

தொழிலுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கதவடி’.
பாங்கில் படிவம் நிரப்பும்போது
கவுண்டர்ப் பெண் கேட்டாள்: என்ன விற்கிறீர்கள்?
ஒன்றும் விற்கவில்லை, நஸ்லியா சொன்னாள்,
மற்றவர்கள் விற்பதைச் சொல்லிவிட்டு வருவோம்.
‘ஏனையவை’ என்ற கட்டத்தில் புள்ளடி விழுந்தது.

முதல் என்று பார்த்தால்
அடகில் அவளுடைய காப்பு ஒன்று,
ஆட்குறைப்பில் கம்பனி எனக்குத் தந்த கடைசிச் செக்,
இரண்டு சோடி சப்பாத்து.
கொட்டாஞ்சேனையில் அச்சடித்தோம். பச்சை மை மலிவு.
ஓரத்தில் புள்ளிக்கோடு, சின்னக் கத்தரிக்கோல் படம்.
மை காயாத கட்டுகள்
ஓட்டோவில் எங்கள் நடுவே
மூன்றாம் ஆளாய் இருந்து வந்தன.

முதல் வாடிக்கையாளர் மூக்குக்கண்ணாடிக் கடை சற்குணநாதன்.
ஆயிரம் போட்டால் எத்தனை திரும்பும், பிள்ளை?
எங்களுக்கு எப்படித் தெரியும்?
முப்பது, என்றாள் நஸ்லியா,
குர்ஆனில் கை வைத்தவள் போன்ற முகத்தோடு.

வெள்ளவத்தையில் கடற்பக்கக் கேற்றுகள்
உப்புக்குத் துருப்பிடித்து முனகும்.
நாய் கடிக்கும் என்று
சிங்களத்தில் இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும்.
தமிழில் இல்லைதானே, உன்னைக் கடிக்காது, போ என்பாள்.
கடித்தது. சப்பாத்தைத்தான்.
பிறகு மீற்றர் பார்க்க வரும் நிமலைப் பிடித்து
எந்த வீட்டில் எந்த நாய், எத்தனை மணிக்குக் கட்டுவார்கள் என்று
கொப்பியில் எழுதிக்கொண்டோம்.
அந்தக் கொப்பிதான் இன்றைக்கும்
எங்கள் கம்பனியின் ஒரே சொத்து.

தட்டுவதில்லை, பெல் அடிப்பதில்லை.
தாளை அடியால் தள்ளு, நட.
விதி என்னுடையது. ஏனென்று அவள் கேட்கவில்லை.
இதே ஒழுங்கையில்
கதவு தட்டுப்பட்டால் ரேடியோவைத் தணித்து
அடையாள அட்டைகளை மேசையில்
வயதுப்படி அடுக்கிய வீட்டில் வளர்ந்தவள் நான்.
அவளுக்கும் இருந்தது
ஒரு சித்திரை மாதத்துக்குப் பிறகான கதவு.
நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை.
தாள் உரசும் சத்தம் மட்டும், சர்ர்ரென்று,
பிறகு படிகளில் எங்கள் கால்.

ஆறுமாடி ஃபிளாட்டில் காவலாளி பந்துல மறித்தார்.
என்னிடம் தாருங்கள், நான் போடுகிறேன்.
போட்டார்.
மறுநாள் நூற்றிருபதும் வாளிக்குள்.
வாளியில் மூன்று மொழி, தமிழில் ‘கழிவு’.
எங்கள் தாளிலும் கொட்டை எழுத்தில் அதுதான்,
பத்து வீதக் கழிவு.
பிழை அவரில் என்று எப்படிச் சொல்வது?
அடுத்த கிழமை சலூன் தாள் வந்தபோது
முதல் கூப்பனை அவருக்கே நீட்டினோம்.
காதோரம் வழித்த புதுத்தலையோடு
லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாலாம் மாடியில் 4/3. மூன்று பூட்டு.
எந்தத் தாளைப் போட்டாலும்
பாதி உள்ளே பாதி வெளியே
அப்படியே கிடக்கும், அடுத்த கிழமை வரை.
ஆள் இல்லை என்றேன். இருக்கிறார், என்றாள் நஸ்லியா,
தோசை வாசம் வருகிறது.
பந்தயம் ஒரு ஃபலூடா.
கண்ணாடிக் கடைத் தாளின் மூலையில்
பென்சிலால் 4/3 என்று எழுதித் தள்ளினோம்.

மாத முடிவில் சற்குணநாதன்
லாச்சியிலிருந்து எடுத்து எண்ணி வைத்தார்.
பதினொன்று.
முப்பது என்றீர்கள்.
ஒன்றில் மீன்கறிக் கறை, ஒன்றின் பின்னால் பாற்கணக்கு,
கிழித்தவை, கசங்கியவை,
வெட்டாமல் முழுத்தாளாகவே வந்தவை.
ஒன்று மட்டும்
புள்ளிக்கோடு ஒரு மயிரளவும் தப்பாமல்
வெட்டப்பட்டிருந்தது.
அதன் மூலையில் பென்சில்.

யார் வந்தது? ஆணா பெண்ணா?
நான் சாப்பிடப் போயிருந்தேன், பெடியன்தான் பில் போட்டவன்.
கிட்டப்பார்வைக்கா, தூரப்பார்வைக்கா?
ஏன் பிள்ளை, உங்களுக்கு அதெல்லாம்?

ஏன் என்று எங்களுக்கும் தெரியாது.
நஸ்லியா அந்தத் துண்டைக் கேட்டாள்.
கணக்குக்கு வேண்டும் என்று அவர் தரவில்லை.
பதினொன்றுக்கு இவ்வளவு காசு கட்டாது,
அடுத்தமுறை தாளுக்கு இரண்டு ரூபாய்தான் என்றார்.
இரண்டரை, என்றாள் அவள், லாச்சியைப் பார்த்தபடி.
இரண்டு.
இரண்டேகால்.
வெளியே காலி வீதியில் மழை பிடித்துக்கொண்டது,
ஓட்டோவில் இரண்டாயிரம் தாள்
மூடாமல் கிடந்தது.