கேன்சல் ஆன ஆர்டர்

காட்பாடி ரோட்டுக் கடைக்காரர்
கதவைத் திறந்து திறந்து விட்டுக் காட்டினார்.
தானாக மூடியது. சத்தமே இல்லை.
"ஆர்டர் கேன்சல் ஆன செட்டும்மா,
அதான் நாற்பது பர்சென்ட் தள்ளுபடி."
ஏகாம்பரம் என் முழங்கையை இடித்தார்.
இன்னும் அஞ்சு கேட்டேன். உடனே கொடுத்தார்.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

டாட்டா ஏஸில் சத்துவாச்சாரி வந்திறங்கியது
கடல்பச்சையில் ஒன்பதரை அடி.
எங்கள் சுவர் ஒன்பது.
நவ்ஷாத் அரை அடியை அறுத்தான்;
கரண்டி டிராயர் போயிற்று.

பின்பலகையில் பென்சில் எழுத்து:
'எஸ்தர், வாலாஜா. மேடை 38 இஞ்ச்.
ஆள் உயரம் 5-10.'

நான் நான்கு அடி பதினொன்று.

யாரந்த எஸ்தர்,
வீடா கல்யாணமா பணமா, எது நின்றுபோனது
என்று
வெங்காயம் நறுக்கித் தோள் வலிக்கும்போது
நினைத்துக்கொள்வேன்.

பெயிண்ட் டப்பாமேல் ஏறி நின்றால்
நடுத்தட்டு வரை என் ராஜ்ஜியம்:
புளி, மிளகாய்த்தூள், மாமியார் மாத்திரை.
அதற்குமேல் காலி.
ஏகாம்பரத்துக்கு எட்டும்.
ஆனால் அவர் சமையலறைக்கு வருவது
விருந்தாளி வந்த அன்று,
கதவு சத்தமில்லாமல் மூடுவதைக் காட்ட.