ஒற்று

புக்கியோ நீதிமன்றத்தில் கணப்பு இல்லை.
நீதிபதி அர்பிசு கையுறையோடு கோப்பைப் புரட்டுகிறார்.
பொர்துனாத்தா கொராவா,
வயது தெரியாது என்று பதிவு,
நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள்.
நடுவில் நான்.
கெச்சுவாவில் வாங்கி ஸ்பானிய மொழியில் கொடுக்கிறவன்.
நாளுக்கு அறுபது சோல் கூலி.

வழக்கு:
மதகுக்காரன் தியோதோசியோ
மைத்துனனை வாய்க்காலில் தள்ளினான்.
அல்லது
தள்ளினானாம்.

எங்கள் பேச்சுக்கு வால் உண்டு.
கண்ணால் கண்டதென்றால் மி.
பிறர் சொல்லக் கேட்டதென்றால் ஸி.
வெறும் ஊகமென்றால் சா.
வாலில்லாமல் பேசுகிறவனைப் பார்த்தால்
திருடனோ அதிகாரியோ என்று கதவைச் சாத்துவோம்.
சில இடத்தில் அந்த வாலும் சுருங்கி ஒற்றாகிவிடும்:
யாக்கும் என்றால் தண்ணீர், நான் கண்டேன்.
யாக்குஸ் என்றால் தண்ணீராம்.

“பார்த்தாயா?
ஆம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்.”

நீதிமன்றத்தின் மொழியில் ஸி என்றால் ஆம்.
எங்கள் மொழியிலும் ஸி என்றால் ஆம்தான்.
ஆனால் அது
வந்தானாம் போனானாம் என்கிற ஆம்.

மார்ச் மாதம், போலீஸ் நிலையத்தில்,
இவளுடைய முதல் வாக்குமூலம்.
மழை. கடைசிப் பேருந்து ஆறு மணிக்கு.
“சுருக்கு, சுருக்கு” என்றார் ஆய்வாளர்.
சுருக்கினேன்.
தியோதோசியோ தள்ளினான், முற்றுப்புள்ளி.
வாசிக்கத் தெரியாத தாளில்
அவள் கட்டைவிரலை உருட்டி வைத்தாள்.
எனக்குப் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது.

இன்று அரசு வழக்கறிஞர் அந்தத் தாளை உயர்த்துகிறார்.
“அன்று பார்த்தேன் என்கிறாய்,
இன்று கேள்விப்பட்டேன் என்கிறாய்.
எது பொய்?”

அவள் அவரைப் பார்க்கவில்லை.
“நான் ரொட்டியை முழுசாகத்தான் கொடுத்தேன்.
வழியில் எவனோ கிள்ளித் தின்றிருக்கிறான்.”

அதையும் நான்தான் மாற்றிச் சொல்ல வேண்டும்.
சொன்னேன்.
இம்முறை கிள்ளவில்லை.

“எவன்?” என்றார் நீதிபதி.

கூலிக்குப் பேசுகிற வாய்
சொந்தமாகப் பேசி நாளாயிற்று;
கொஞ்சம் வறண்டிருந்தது.
“நான்” என்றேன்.
முதல்முறையாக எனக்குச் சத்தியம் செய்துவைத்தார்கள்.
அவள் சொன்னதை நான் கேட்டேன், என் காதால்:
இந்த ஒரு காரியத்துக்கு நானே நேர்சாட்சி.

அர்பிசு கையுறையைக் கழற்றினார்.
“சரி, கேள்விப்பட்டதாகவே இருக்கட்டும்.
சொன்னது யார்? எங்கே? எப்போது?
ஊற்று தெரியாத தண்ணீரை
இந்த அறை குடிக்காது.”
புக்கியோ என்றாலே எங்கள் மொழியில் ஊற்றுதான்.
அவருக்கு அது தெரியாது.
நான் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுச் சந்தையில் எவுலாலியா சொன்னாள்.
எவுலாலியாவுக்கு அவள் மகன் நில்தோன் சொன்னான்.
நில்தோனுக்கு?
“அங்கே ஆடு மேய்த்திருப்பான்” என்றாள்,
சா போட்டு.

ஜூனில் பையன் வந்தான். ஒன்பது வயது.
கால் தரையைத் தொடவில்லை.
உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசம் தெரியுமா என்றார்கள்.
எந்த ஆடு முதலில் குதித்தது என்று அப்பா கேட்டால்
கறுப்பு என்று சொல்வது பொய் என்றான்.
எழுத்தர் அதைத் தட்டச்சு செய்யவில்லை.

பாலத்தில் இரண்டு பேர்.
சத்தம்.
ஒருவன் சறுக்கினான்.
மதகுக்காரர் கையை நீட்டினார்.
தள்ளவா, பிடிக்கவா?
பையன் யோசித்தான். பிடிக்க இருக்கும், என்றான், சா.
கை நீண்டது கண்டது. எதற்கு நீண்டது, அது ஊகம்.
தன் சொற்களை அவன் ஆடுகளைப் போல்
தனித்தனிப் பட்டியில் அடைத்தான்.

பிறகு?

“யாக்கும் அபர்ஹா.”

அந்த முதல் சொல்லின் கடைசியில்
உதடு மூடித் திறந்தது.
கவனிக்காவிட்டால் மூச்சு என்று நினைத்துவிடலாம்.

நான் சொன்னேன்:
“தண்ணீர் அவரைக் கொண்டுபோயிற்று;
என் கண்ணால் பார்த்தேன்;
யாரும் சொல்லிக் கேட்டதல்ல.”

எழுத்தர் நிமிர்ந்தாள்.
“பையன் இரண்டு சொல்தானே சொன்னான்?”

இரண்டு சொல், ஓர் ஒற்று என்றேன்.

அதற்கு எந்த விசையை அழுத்துவது
என்று கேட்டாள்.