முப்பத்தெட்டு

ரொட்டிக்கு ஈஸ்ட் நிறுக்கிற தராசில்
யூர்காவின் பொட்டாசியம் கார்பனேட்:
ஒரு சிட்டிகை கூடிவிட்டது.
"உப்புதானே, விடு" என்கிறான் ரிமாஸ்.
விடவில்லை; கத்திமுனையால் எடுக்கிறாள்.

வெளியே கௌனாஸ் பனி.
தொட்டியில் முப்பத்தெட்டு டிகிரி வெந்நீர்.
போன வாரம் இதே வெப்பமானி
உக்னேயின் அக்குளில் இதே எண்ணைக் காட்டியபோது
இருவரும் தூங்கவில்லை.
பிலிமுக்கு இதுதான் சுகம்.

மூன்று நிமிடம் பதினைந்து நொடி.
இரண்டாவது நிமிடத்தில் அழைப்புமணி. கீழ்வீட்டுக்காரி.
மேற்கூரை சொட்டுகிறதாம்.
குழாயை மூட மறந்திருக்கிறார்கள்.
"ஒரு நிமிஷம்!"
டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தியபடி கத்துகிறாள் யூர்கா.

வெளுத்து, நிலைநிறுத்தி, அலசி
விளக்கருகே விரிக்கையில்
பனி கறுப்பு. குழந்தையின் சிவப்புக் கோட்டு நீலப்பச்சை.
"கெட்டுப்போச்சா?"
"இல்லையே" என்கிறாள்,
தரை துடைக்கத் துணி தேடிக்கொண்டே.