மிச்சக் காசு

மாங்குளம் சந்தியில் பஸ்ஸால் இறங்கி
கிளிநொச்சிக்கு எவ்வளவு என்று கேட்டான்.
மூவாயிரம் என்றேன். ஏறினான்.
பேரம் பேசாத ஆளில்
அப்போதே எனக்கு ஐமிச்சம் வந்திருக்க வேண்டும்.

பெயர் டிலோஜன். சுவிஸில் பீல் நகரத்துப் பிறப்பு.
எங்கட தமிழ்தான்,
ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும்
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவன்போல் பேசினான்.

முறிகண்டியில் எல்லோரையும்போல நிறுத்தினேன்.
இருபது ரூபாய்க் குற்றி போட்டேன்.
அவன் பையைத் துழாவி எடுத்தது
ஊதா நிறத்தில் ஒற்றைத் தாள்.
ஆயிரம் பிராங்.
உண்டியல் வாய்க்கு முன்னால் அதைப் பிடித்தபடி
என்னைப் பார்த்தான்.
பிள்ளையார் மிச்சம் தரமாட்டார் தம்பி,
உள்ளுக்கை வையும் என்றேன்.
ஒரு சுருள் கச்சான் வாங்கிக் கையில் கொடுத்தேன்.

விமான நிலையத்தில் ஐம்பது மட்டும் மாற்றினானாம்.
"அங்க விலை குறைவு,
பெரிய தாளாய்க் கொண்டு போ, பாரமில்லை"
என்று அப்பா சொல்லியிருக்கிறார்.
அப்பா இங்கிருந்து போனது
எனக்குப் பால்பல் விழுந்த வருசம்.

முதல் வங்கியில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பிள்ளை
தாளை வெளிச்சத்தில் பிடித்தாள், நகத்தால் சுரண்டினாள்,
கடவுச்சீட்டைப் படியெடுத்தாள், மனேச்சரிடம் போனாள்.
மனேச்சர் கொழும்புக்கு எடுத்தார்.
கொழும்பு சாப்பிடப் போயிருந்தது.
தாளில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டு நின்றன.
"ஆற்றை கையள் இது?"
காவலாளி எட்டிப் பார்த்துக் கேட்டார்.
ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது வங்கி நூறுக்கு மேல் தொடாது.
மூன்றாவது, கணக்கு இருக்கோ என்றது.
நான்காவதில் கரண்ட் இல்லை.

இடையில் எனக்குப் போன். லீசிங் பொடியன்.
"தவமலர் அக்கா, இருபதாம் திகதி போயிட்டுது."
பின் சீற்றில மூண்டு லட்சத்து எழுபதாயிரம் இருக்கு,
கொஞ்சம் பொறு
என்று சொல்ல வாய்வரை வந்தது.
கண்ணாடியில் பார்த்தேன்.
மூன்று லட்சத்து எழுபதாயிரம்
பசித்த முகத்தோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சோற்றுப் பார்சல் வாங்கினேன். எழுதினேன்.
சோடா. எழுதினேன்.
அவனுடைய போனுக்கு ரீலோட். எழுதினேன்,
பெற்றோல் துண்டின் பின்பக்கத்தில்.

பரந்தனில் நகைக்கடை முதலாளி
தாளைத் தொடவேயில்லை.
மடிப்பில் ஒரு பேனைக் கோடு கிடக்கிறதாம்.
"முந்நூற்றிப் பத்துப்படி தாறன்."
பொடியன் ஓம் சொல்ல வாயைத் திறந்தான்.
கையில் பிடித்து வெளியே இழுத்தேன்.
அறுபதாயிரம் நட்டம் தம்பி!
"எனக்கு அலுத்துப்போச்சு அக்கா."

அந்தச் சொல்லில்தான் கோபம் வந்தது.
மாத்தளனில் என் இடுப்பில்
ஒரு கட்டுக் காசு இருந்தது.
பால்மாப் பெட்டி ஒன்றுக்காகத்
தறப்பாள் தறப்பாளாகக் கேட்டுப் போனேன்.
ஒருவரும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.
எல்லாம் நல்ல தாள்தான்.

இதை அவனுக்குச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
மாற்றித் தர அவனிடம் சில்லறை இருந்திராது.

பொழுதுபட
இன்னும் மூவாயிரம் கைமாற்றாகக் கொடுத்து
கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.
பெற்றோல் துண்டையும் என் கணக்கு இலக்கத்தையும்
போனில் படமெடுத்தான்.
"உது வராது" என்றான்
எனக்குப் பின்னால் ஓட்டோ போட்டிருந்த இராசகுலம்.

மூன்றாம் நாள் விடிய, போன் மணி அடித்தது.
ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது.
பத்து மணிக்கு முதல்
லீசிங் அதை விழுங்கிவிட்டது.

ஊதாத் தாள் மாறியதா, என்ன விலைக்கு,
ஒன்றும் எழுதவில்லை.
துண்டை எடுத்து இரண்டுதரம் கூட்டினேன்.
நூறு ரூபாய் கூட.
பிறகுதான் பிடிபட்டது,
கச்சான்.

அதை நான் எழுதியிருக்கவில்லையே.
அது நான் வாங்கிக் கொடுத்தது.