வரி இருநூற்றுப் பன்னிரண்டு

பெருங்குடியில் ஐந்தாவது மாடி.
ஏசி ஒழுகும் மூலையில் ஒரு நீல வாளி.
ஹெச்ஆர் கொடுத்த படிவம் என் முன்னால்:
ரியாக்ட் எத்தனை வருடம், டைப்ஸ்கிரிப்ட் தெரியுமா,
நோட்டீஸ் எத்தனை நாள்.
ஐந்துக்கு எத்தனை என்று நான் எழுத வேண்டும்.

முதலில் வந்த தௌஃபீக்
கேள்வி முடியும் முன்பே பதிலை முடித்தான்.
பலகையில் அவன் வரைந்த மரத்துக்கு
வேர் மேலே, கிளைகள் கீழே.
எங்கள் தொழிலில் எல்லா மரமும் அப்படித்தான்.
நான்கரை போட்டேன்.
எங்கள் தளத்தைத் திறந்து பார்த்தீர்களா என்றேன்.
"இன்னும் இல்ல சார்."

கிரிதரனின் பக்கங்கள் அழகு.
எழுத்துகள் மிதந்து வந்து உட்கார்ந்தன,
நிழல்கள் விரலுக்குப் பின்னால் நடந்தன.
கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள்
வைஃபை விழுந்தது.
என் போனில் அதே பக்கம்
ஒரு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.
"ஆபீஸ் நெட்ல சூப்பரா வரும் சார்."
வரும்.
ஆபீஸ் நெட்டில் எதுதான் வராது.

மதியத்துக்கு மேல் வினோலியா.
எண்ணூரிலிருந்து இரண்டு ரயில், ஒரு ஷேர் ஆட்டோ.
க்ளோஷர் என்றால் என்ன என்று கேட்டேன்.
"படிச்சிருக்கேன். இப்ப வாய்ல வரல."
இரண்டு.

பிறகு அவளே போனை எடுத்தாள்.
கண்ணாடியில் மூலைக்கு மூலை ஒரு விரிசல்.
"வர்ற வழியில உங்க சைட்டைத் திறந்தேன் சார்.
திருவொற்றியூர் தாண்டற வரைக்கும்
வெள்ளையாவே இருந்துச்சு."

நாங்கள் ரத்தப் பரிசோதனைக்கு நேரம் குறித்துக் கொடுப்பவர்கள்.
மொழியைத் தமிழுக்கு மாற்றினாள்.
ஆங்கிலத்தில் ஆறெழுத்துக்கு அளந்த பொத்தானில்
'சமர்ப்பிக்கவும்' ஏறவில்லை.
'சமர்ப்பிக்க' மட்டும் உள்ளே நின்றது;
'வும்' கீழே விழுந்து
தலை மட்டும் தெரிந்தது.

எழுத்தை இரண்டு மடங்காக்கினாள்.
பொத்தானே காணோம்.
"சுகர் ஏறினா கண்ணு மங்கும் இல்ல சார்,
அவங்கதானே இங்க அதிகம் வருவாங்க?"

என் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு
டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டு போனாள்.
ஒன்பதாவது தட்டில்
எங்கே இருக்கிறோம் என்று
அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.
பெட்டியைச் சுற்றி வரவேண்டிய நீலக் கோட்டை
யாரோ அழித்திருந்தார்கள்.

"யார் சார் இதை எழுதினது?"

"முன்னாடி ஒருத்தர் இருந்தார். போயிட்டார்."

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

"அனுப்புன்னு போட்டா நிக்கும் சார்.
ஆனா நாளைக்கு வேற வார்த்தை வரும்.
அகலத்தைக் கட்டி வைக்காம விடணும்,
அதுவா விரியும்."
சொல்லிவிட்டு
பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள்.

அவள் போன பின் படிவத்தைப் பார்த்தேன்.
ரயிலில் திறந்து பார்த்ததற்குக் கட்டம் இல்லை.
மங்கிய கண்ணுக்கும் இல்லை.
மொத்தத்தில் தௌஃபீக்குக்கு அவளைவிட எட்டு அதிகம்.
கடைசியில் 'முடிவு' என்று ஒரு சின்னப் பெட்டி,
பதினைந்து எழுத்துக்கு.
புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும் பெட்டி அது.
எடுத்துக்கொள்ளலாம் என்று தட்டினேன்.
'எடுத்துக்கொள்ளல' வரைக்கும் வந்து நின்றுவிட்டது.
அழித்துவிட்டு
'எடு' என்று போட்டேன்.

அவளுக்கு அறுபது நாள் நோட்டீஸ்.
வந்த முதல் வாரமே
அந்தப் பொத்தானைத் தேடிப் போவாள்,
அகலம் கட்டிய வரியைப் பிடிப்பாள்,
எழுதியது யார் என்று கோப்பைக் கேட்பாள்.
கோப்புக்குப் பொய் தெரியாது.
வரி இருநூற்றுப் பன்னிரண்டு,
நான்கு வருடத்துக்கு முந்தைய மார்ச்,
இரவு பதினொன்று நாற்பது,
எதிரே என் முழுப் பெயர்,
இனிஷியலோடு.
இரண்டு வரி தள்ளி, நீலக் கோட்டை அழித்ததும்
அதே கைதான்.

திருத்த எனக்கு இரண்டு மாதம் இருக்கிறது.
திருத்தினாலும்
திருத்துவதற்கு முன் என்ன இருந்தது என்று
ஒரு விசையில் காட்டும்.