நாற்பதை எட்டால் வகுத்தல்

வர்க்கிச்சன் மேசைமேல் பச்சைத் துணி விரித்து
மூன்று ஸ்கோப்புகளைப் படுக்க வைத்தார்.
பாலக்காட்டில் அன்று முப்பத்தெட்டு டிகிரி.
மின்விசிறி சுற்றியது. காற்று வரவில்லை.

என்னிடம் ஒரே துப்பாக்கி, முந்நூற்றுப் பதினைந்து.
ஞாயிறு காலை கிளப்பில் தாளைச் சுடும்.
பஞ்சாயத்துக் கடிதம் வந்தால்
நாச்சிமுத்து கடலைக்காட்டில் பன்றியைச் சுடும்.
தாளுக்கொரு கண் பன்றிக்கொரு கண் என்று
இரண்டு வாங்க வழியில்லை.
மோட்டார் காயில் கட்டினால் என்ன மிஞ்சும் என்பது
வர்க்கிச்சனுக்கே தெரியும்,
போன மாதம் அவர் மோட்டார் என்னிடம்தான் வந்தது.

முதலாவது ஆறிலிருந்து இருபத்து நாலு மடங்கு.
வெறும் குழலை எடுத்து வாசல் வழியே பார்த்தேன்.
எல்லாம் கஞ்சி.
பக்கத்துத் திருகைத் திருப்பியதும்
எதிர்ச்சாரி லாட்டரித் தட்டி
மூக்கில் இடிக்க வந்து நின்றது.
ஒட்டிய முடிவுத்தாளில் எண்கள் ஏறுவரிசையில்.
பக்கவாட்டில் ஒரு சுமைக்காரர், கையில் ஒற்றைச் சீட்டு,
விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.
கடைசி நான்கு எண்ணை நான் முந்திப் படித்துவிட்டேன்.
இல்லை.
அவர் விரல் இன்னும் எட்டு வரி இறங்க வேண்டியிருந்தது.
"எங்ஙனெயுண்டு?" என்றார் வர்க்கிச்சன்.
தெளிவு, என்றேன்.
கீழே வைத்தேன்.

இரண்டாவதில்
குறுக்குக்கோட்டின் நடுவே சிவப்புப் பொட்டு எரியும்.
விலை கேட்டேன்.
பொட்டை அணைத்தேன்.

மாசியில் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை.
அப்போது வெறும் இரும்புக் குறிதான் இருந்தது,
எழுபது மீட்டரில் ஒரு கறுப்பு, அவ்வளவே.
சுட்டேன், விழுந்தது.
காலையில் குழிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றும் முன்
வாச்சர் ஷிபு செருப்பு முனையால்
அதன் மடியைத் தொட்டான்.
பால்.
பஞ்சாயத்துக் கடிதத்தின் ஏழாம் வரியை
அவன் எனக்கு வாசித்துக் காட்டவில்லை.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
பைக்கை உதைத்தான், இரண்டு உதையில் கிளம்பவில்லை.

மூன்றாவது ஸ்கோப், மூன்றிலிருந்து ஒன்பது.
முன்கண்ணாடி நாற்பது மில்லிமீட்டர்.
கொழிஞ்சாம்பாறைக் கண் முகாமில் ஒரு டாக்டரம்மா சொன்னது:
ஐம்பத்திரண்டு வயதுக் கண்மணி எந்த இருட்டிலும்
ஐந்துக்கு மேல் விரியாது.
அதற்கு மேல் கொட்டுகிற வெளிச்சம்
கன்னத்தில் வழிய வேண்டியதுதான்.
நாற்பதை எட்டால் வகுத்தேன்.
ஐந்து.
என் இருட்டின் அகலம்.
"இதைக் கட்டுங்க."
"தாளுக்குப் போதாதே," என்றார்.
பாதிப் பணம் கொடுத்தேன்,
மீதிக்கு அவர் தம்பி வீட்டு மோட்டார்.

போதவில்லைதான்.
ஞாயிறு, நூறு மீட்டர், ஒன்பதில் வைத்தும்
துளை தெரியவில்லை.
மூன்று சுட்டுவிட்டு
தாள் வரை நடந்தேன், திரும்பி நடந்தேன்,
திருகை இரண்டு கிளிக் இடப்பக்கம்,
மறுபடி நடந்தேன்.
கிளப் பையன்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே
என் மதிப்பெண்ணைக் கூவினார்கள்.

செவ்வாய் இரவு ஏழு பத்து, வேலந்தாவளம்.
செக்போஸ்டில் லாரிகள் முனகிக்கொண்டிருந்தன.
எட்டில் வைத்திருந்தேன்.
கடலைச் செடி அசைந்தது, முதுகு வந்தது,
பிடரி மயிர், காதில் ஒரு கிழிசல்.
கிடப்பக்கமாய்த் திரும்பும் வரை
மூச்சைப் பிடிக்காமல் காத்திருந்தேன்.
வயிறு ஒட்டியிருந்தது.
காம்புகள் தெரிந்தன, உலர்ந்து, சின்னதாய்.
சுடலாம்.

அது நான்கு அடி நகர்ந்தது.
சர்வே கல்லுக்கு அந்தப் பக்கம்
அதே செம்மண், அதே நாச்சிமுத்துவின் அதே கடலை,
வேறு மாநிலம்.
என் கடிதம் கல் வரைக்கும்தான்.
கண்ணாடிக்குள் ஒன்றையொன்று வெட்டும்
இரண்டே கோடுகள்,
கல்லைத் தொட்டுப் போகிற கோடு இல்லை.

"என்னங்க, தெரியலையா?"
நாச்சிமுத்து காதோரம் கேட்டார்.

தெரியுது, என்றேன்.